சூப்பர்சார்ஜர் போட்டால் ஆயில் பம்ப் கியரை ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

சூப்பர்சார்ஜர் பொருத்த கொட்டேஷன் வாங்கினால் சார்ஜர் கிட், இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ட்யூனிங் என்று பட்டியல் நீளும். அதெல்லாம் எதற்கு என்று ஓரளவு புரியும். கடைசியில் ஒரு வரி இருக்கும்: 'ஆயில் பம்ப் கியர் செட், பில்லெட்'. அதற்குக் கீழே அதற்கான கூலி, பல நேரம் கியரின் விலையையே தாண்டி நிற்கும். இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுகிற வேலைக்கும் ஆயில் பம்புக்கும் என்ன சம்பந்தம்? டேஷ்போர்டில் ஆயில் விளக்கு எரியவில்லையே? பில்லை ஏற்றுவதற்காகச் சேர்த்துவிட்டார்களோ என்று தோன்றுவது இயல்புதான்.

சில இன்ஜின்களில் அந்த வரியைத் தாராளமாக அடித்துவிடலாம். சில இன்ஜின்களில் அடித்தால், மிச்சம் பிடித்த பணத்தைப் போல பல மடங்கு புது இன்ஜினுக்குப் போகும். 'ஆயில் பம்பை அப்கிரேட் பண்ணணும்' என்ற ஒரே வாக்கியத்தை மூன்று வெவ்வேறு வேலைகளுக்குச் சொல்வதால்தான் இத்தனை குழப்பம். பம்பின் பற்களை வலுவாக்குவது ஒன்று. பம்ப் தள்ளும் ஆயிலின் அளவைக் கூட்டுவது இரண்டாவது. அழுத்தத்தின் உச்ச வரம்பை உயர்த்துவது மூன்றாவது. தெருவில் ஓடும் சூப்பர்சார்ஜர் வண்டிகளில் பெரும்பாலும் தேவைப்படுவது முதலாவது. மலிவாக முடிகிறது என்பதால் ஆசை காட்டுவது மூன்றாவது.

## பம்ப் தள்ளுவது ஆயிலை, அழுத்தத்தை அல்ல

இன்றைய கார் இன்ஜின்களில் பரவலாக இருப்பது ஜெரோட்டர் வகை பம்ப். ஒரு உள் கியர், அதைச் சுற்றி ஒரு வெளி கியர். உள்ளே இருப்பதற்கு ஒரு பல் குறைவு. மையமும் சற்று விலகியிருக்கும். சுற்றும்போது பற்களுக்கு நடுவே உள்ள பள்ளம் ஒரு பக்கம் விரிந்து ஆயிலை உறிஞ்சும், மறுபக்கம் சுருங்கி வெளியே தள்ளும்.

பல இன்ஜின்களில் இந்த உள் கியர், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முன்மூக்கிலேயே உட்கார்ந்திருக்கும். கிராங்கை இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவியிருப்பார்கள்; கியரின் நடுத்துளையும் அதே வடிவில் இருக்கும். நடுவில் செயினும் இல்லை, பெல்ட்டும் இல்லை. கிராங்க் எத்தனை சுற்றோ பம்பும் அத்தனை சுற்று. கிராங்க் நடுங்கினால் கியரும் சேர்ந்து நடுங்கும். பின்னால் வரப்போகும் சிக்கலின் வேர் இதுதான்.

கணக்குக்காக, ஒரு சுற்றுக்கு 10 மில்லி ஆயில் தள்ளும் பம்ப் என்று வைத்துக்கொள்வோம். 6000 ஆர்பிஎம்மில் அது நிமிடத்துக்கு 60 லிட்டர், அதாவது நொடிக்கு ஒரு லிட்டர் தள்ளும். சம்ப்பில், அதாவது நம் மெக்கானிக்குகள் சொல்கிற சேம்பரில், மூன்றரை லிட்டர் ஆயில் இருந்தால் மொத்த ஆயிலும் மூன்றரை நொடிக்கு ஒரு முறை பம்பைக் கடந்து போகிறது. இவ்வளவு வேகமாகச் சுழல்கிற ஆயிலுக்குக் கீழே திரும்பி வந்து குமிழி அடங்க நேரம் எவ்வளவு குறைவு என்று பாருங்கள்.

அழுத்தம் வருவது ஆயில் போகும் வழியில் உள்ள தடையால். தோட்டத்து ஹோஸ் முனையை விரலால் அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். குழாயடியில் யாரும் எதையும் கூட்டவில்லை. இன்ஜினில் அந்த விரலின் வேலையைச் செய்வது பேரிங்குகளின் நுண்ணிய இடைவெளி. பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றால், பம்ப் புதிதாகவே இருந்தாலும் அழுத்தம் விழும்.

மேல்வரம்பை ரிலீஃப் வால்வு பார்த்துக்கொள்கிறது. அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஸ்பிரிங் அமுங்கி, மிஞ்சிய ஆயில் பம்பின் வாய்க்கோ சேம்பருக்கோ திரும்பும். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார், என்பது பழைய ரேஸ் மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. அதன்படி 6000 ஆர்பிஎம்மில் 4 பாருக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். மெல்லிய ஆயிலில் ஓடும் புது இன்ஜின்கள் இதைவிடக் குறைவிலும் நன்றாக ஓடும்.

## நாலு டன் சுமையை 4 பார் தாங்குமா?

தாங்காது, அதைத் தாங்குவது பம்பின் வேலையும் அல்ல.

மாருதி ஜிப்சி கிங்கின் 1.3 லிட்டர் இன்ஜினில் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 74 மி.மீ., பிஸ்டன் தலையின் பரப்பு 43 சதுர செ.மீ. எரியும்போது சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் 65 பார் என்று வைத்தால் பிஸ்டன் மேல் விழும் சுமை சுமார் 2.8 டன். சூப்பர்சார்ஜரால் அந்த உச்சம் 95 பாருக்குப் போனால் சுமை 4.1 டன். இதெல்லாம் கனெக்டிங் ராட் வழியாக இறங்கி, கட்டைவிரல் அகலம்கூட இல்லாத ஒரு பேரிங் ஷெல்லின் மேல் உட்காரும்.

அதைத் தாங்குவது கிராங்க் சுழல்வதால் தானே உருவாகும் ஆயில் படலம். மழைக்காலத்தில் ஓஎம்ஆரில் தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் டயர் தண்ணீர் மேல் ஏறி மிதந்துவிடுகிறது அல்லவா? அங்கே தண்ணீரை யாரும் பம்ப் வைத்து அழுத்தவில்லை. டயரின் வேகமே தண்ணீரை ஆப்பு போல அடியில் செருகுகிறது. பேரிங்கிலும் அதேதான் நடக்கிறது. அந்த ஆப்புக்குள் உருவாகும் அழுத்தத்தோடு பார்த்தால் பம்ப் தரும் 4 பார் ஒன்றுமே இல்லை. பம்புக்கு இரண்டே வேலை: பேரிங்கின் ஓரங்களில் கசிந்து வெளியேறும் ஆயிலுக்குப் பதிலாகப் புது ஆயில் தருவது, அங்கே உண்டாகும் சூட்டை அள்ளிக்கொண்டு போவது.

அதனால் சுமை ஒன்றரை மடங்கானால் ஆயில் அழுத்தத்தையும் ஒன்றரை மடங்காக்க வேண்டும் என்ற கணக்கு தவறு. ஆயில் ஒரு நொடிகூட நிற்காமல் வர வேண்டும், குமிழி இல்லாமல் வர வேண்டும். தேவை அதுதான்.

## சார்ஜர் வந்த பிறகு என்னென்ன மாறுகிறது?

1. பேரிங் சுமை. மேலே பார்த்த கணக்கு. ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. படலம் வேகத்தால் உருவாவது. ஆகவே குறைந்த ஆர்பிஎம்மில் அதிக சுமை என்பதுதான் அதற்கு மிகக் கடினமான நேரம். ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகை சார்ஜர்கள் 2000 ஆர்பிஎம்மிலேயே கிட்டத்தட்ட முழு பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், தந்துவிடும். பம்ப் குறைவாகத் தள்ளும் நேரமும் அதுவே.

2. வெப்பம். அதிகம் எரித்தால் அதிக சூடு. பிஸ்டனின் அடிப்பக்கத்திலிருந்து அதில் கணிசமான பங்கை ஆயில் வாங்கிக்கொள்கிறது. 100 டிகிரியில் இருக்கும் 5டபிள்யூ-30 ஆயில் 130 டிகிரிக்குப் போனால் அதன் தடிமன் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். மே மாத வெயிலில், ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர் காற்றை மறித்துக்கொண்டு நிற்க, கத்திப்பாராவில் ஊர்ந்து போகும் வண்டிக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல.

3. ஆயிலுக்குப் புதுப் பங்காளி. சில சார்ஜர்கள் இன்ஜின் ஆயிலையே குடிக்கும், சில குடிக்காது. ஈட்டன் டிவிஎஸ் போன்ற ரூட்ஸ் வகைகளிலும் புரோசார்ஜரிலும் தனி ஆயில் உள்ளேயே அடைத்திருக்கும். ரோட்ரெக்ஸுக்குத் தனி திரவம், தனி கூலர். வோர்டெக் வி-1, வி-2 மாடல்கள் இன்ஜினிலிருந்து ஆயில் எடுப்பவை. அதே நிறுவனத்தின் வி-3 தன் ஆயிலைத் தானே வைத்திருக்கும். கவாஸாகி நிஞ்ஜா எச்2 பைக்கில் இன்ஜின், கியர்பாக்ஸ், சூப்பர்சார்ஜர் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். ஆனால் அதன் பம்பை முதலிலிருந்தே அந்தக் கணக்கோடு வடிவமைத்திருக்கிறார்கள். பின்னால் ஒட்டவைக்கும் கிட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

4. பெல்ட்டின் இழுப்பு. டர்போவுக்கும் சூப்பர்சார்ஜருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். டர்போ புகையின் வேகத்தில் சுற்றுகிறது. சூப்பர்சார்ஜரை கிராங்க்தான் சுழற்ற வேண்டும். 1.3 லிட்டர் இன்ஜினில் அரை பார் பூஸ்ட்டுக்கே 8 முதல் 10 குதிரைத்திறன் அதற்குப் போய்விடும். அந்தச் சக்தி பெல்ட் வழியாகப் போகிறது. வழுக்காமலிருக்க பெல்ட்டை இறுக்கிக் கட்ட வேண்டும். இறுக்கிய பெல்ட் கிராங்கின் மூக்கை ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஆயில் பம்பின் உள் கியர் உட்கார்ந்திருப்பதும் அதே மூக்கில்.

5. அதிர்வும் ஆர்பிஎம்மும். இதற்குத் தனியாகவே இடம் ஒதுக்க வேண்டும்.

## கியர் ஏன் உடைகிறது?

கிராங்க் ஷாஃப்ட் பார்வைக்கு இரும்பு உலக்கை மாதிரி தெரிந்தாலும் உண்மையில் அது முறுக்கிக்கொள்ளும் ஒரு ஸ்பிரிங். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கொஞ்சம் முறுகி, உடனே விடுபட்டுத் திரும்பும். பின்னால் கனமான ஃப்ளைவீல் இருப்பதால் அந்த முனை அடங்கியிருக்கும், ஆட்டமெல்லாம் முன்மூக்கில்தான். அதை அடக்கத்தான் கிராங்க் புல்லிக்குள் ரப்பர் வளையம் வைத்த டாம்பர் இருக்கிறது.

கிராங்கின் தட்டையான பக்கத்துக்கும் கியரின் துளைக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அதிர்வு வந்தால் அந்த இடைவெளிக்குள் கிராங்க் முன்னும் பின்னும் மோதும், சிறு சுத்தியல் தட்டுவதுபோல. 6000 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 200 முறை வெடிக்கிறது என்பதை இத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

தட்டு வாங்கும் கியர் எதனால் ஆனது? பெரும்பாலான ஃபேக்டரி கியர்கள் இரும்புத் தூளை அச்சில் அழுத்திச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தியவை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மலிவு, அளவு துல்லியம், லட்சக்கணக்கில் ஒரே மாதிரி வரும். ஃபேக்டரி பவரில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் பிரச்சினை இல்லாமல் ஓடும். ஆனால் உள்ளே நுண்துளைகள் இருக்கும். அமுக்கினால் தாங்கும், அடித்தால் விரிசல் விடும், கடலைமிட்டாயை மேசையில் தட்டினால் தெறிப்பதுபோல. பில்லெட் கியர் என்பது முழு அலாய் ஸ்டீல் துண்டிலிருந்து கடைந்து, ஹீட் ட்ரீட்மென்ட் செய்தது. அது அடியை வாங்கிக்கொண்டு லேசாக நெளியும், சட்டென்று உடையாது.

தூள் உலோகக் கியர் பெரும்பாலும் முன்கூட்டி எச்சரிக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு மூன்று துண்டாகும். ஆயில் வரத்து அந்த நொடியே நிற்கும். டேஷ்போர்டின் சிவப்பு விளக்கை எரியவைக்கும் சுவிட்ச், அழுத்தம் அரை பார் அளவுக்கு விழுந்த பிறகே வேலை செய்யும். 6000 ஆர்பிஎம்மில் அதைப் பார்த்து, புரிந்து, காலை எடுப்பதற்குள் பேரிங் சுருண்டிருக்கும்.

எந்தச் சூழலில் அதிகம் உடைகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம்:

1. ஆர்பிஎம் லிமிட்டரில் வண்டியைப் 'படபட' என்று அடிக்கவிடுவது. எரிவது நின்று, திரும்ப எரிந்து, கிராங்கின் முறுக்கு மாறி மாறித் திசை திரும்பும்.
2. மேல் கியருக்குப் பதில் கீழ் கியர் விழுந்து, இன்ஜின் வரம்பைத் தாண்டிச் சுற்றுவது. லோட்டஸ் எலிஸ், எக்ஸிஜில் இருந்த டொயோட்டா 2இசட்இசட் இன்ஜினின் பம்ப் கியர் இதற்குப் பேர்போனது.
3. சின்ன புல்லி வேண்டும், எடை குறைய வேண்டும் என்று ரப்பர் டாம்பரைத் தூக்கிவிட்டு கெட்டி அலுமினியப் புல்லி போடுவது. சூப்பர்சார்ஜர் வேலையில் செய்யக்கூடிய தவறுகளில் என் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம். அதிர்வை அடக்கும் பொருளைக் கழற்றிவிட்டு, அதிர்வால் உடையும் பொருளை மட்டும் வலுவாக்குவதில் அர்த்தம் இல்லை.

நன்கு தெரிந்த உதாரணம் 2016-ல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. அதன் 5.0 லிட்டர் வி8 நல்ல இன்ஜின். ஆனால் அதற்கு சூப்பர்சார்ஜர் போடுபவர்கள் பம்ப் கியரோடு கிராங்கில் இருக்கும் டைமிங் ஸ்பிராக்கெட்டையும் (டைமிங் செயின் ஓடும் பல்சக்கரம்) சேர்த்து மாற்றுவது எழுதாத விதி. இரண்டும் தூள் உலோகம், இரண்டும் ஒரே மூக்கில். நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26-ல் சிக்கல் சற்று வேறு: ஆரம்பகால கிராங்குகளில் கியரைப் பிடிக்கும் தட்டைப் பகுதி குறுகலாக இருந்தது. கியர் முழு அகலத்திலும் பிடிப்பு இல்லாமல் உடைந்தது. பிற்பாடு நிஸ்ஸானே அதை அகலமாக்கியது. பழைய கிராங்குக்குக் காலர் அடித்துச் சரிசெய்கிறார்கள். அங்கே பில்லெட் கியர் மட்டும் வாங்கிப் போட்டால் பாதி வேலைதான்.

## பெரிய பம்ப் எப்போது வேண்டும்?

'ஹை வால்யூம்' பம்ப் என்றால் ஒரு சுற்றுக்கு அதிக ஆயில் தள்ளுவது. கியர்கள் தடிமனாக இருக்கும். இது தேவைப்படும் இடங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது பேரிங் இடைவெளி.

பேரிங் வழியாகக் கசியும் ஆயிலின் அளவு இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அதிக சக்திக்காக இன்ஜின் கட்டுபவர்கள் இடைவெளியைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். 0.04 மி.மீ. இருந்ததை 0.05 ஆக்கினார்கள் என்று வையுங்கள். கால் பங்கு கூட்டியதாகத்தான் தெரியும்; ஆனால் 1.25-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.95, ஆயில் தேவை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அத்தோடு பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்டும் சேர்ந்தால், ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, பழைய பம்ப் மூச்சு வாங்கும். இங்கே பெரிய பம்ப் நியாயம்.

மற்றபடி, இடைவெளியைத் தொடாத இன்ஜினில் பெரிய பம்ப் போட்டால் என்ன ஆகும்? கூடுதலாகத் தள்ளியதெல்லாம் ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்பும். சும்மா சுற்றும் ஆயில் சூடேறும், நுரைக்கும். சேம்பரிலிருந்து மேலே போன ஆயில் தலைப்பகுதியிலிருந்து இறங்கி வர நேரமாகும். நீண்ட நேரம் அதிக ஆர்பிஎம்மில் ஓட்டினால் சேம்பரில் ஆயிலை உறிஞ்சும் வலைவாயான ஸ்ட்ரெய்னர் காற்றை உறிஞ்சவும் வாய்ப்புண்டு. ஆயில் நிறைய வேண்டும் என்று போட்ட பம்பே ஆயில் இல்லாமல் செய்துவிடும்.

ரிலீஃப் ஸ்பிரிங்கின் அடியில் ஷிம், அதாவது மெல்லிய தகடு, வைப்பது இதைவிட மலிவு; சில நிமிட வேலை, கேஜில் எண் ஏறும், எல்லாருக்கும் திருப்தி. 5 பாரில் 60 லிட்டர் தள்ள பம்புக்கு அடிப்படையாக 500 வாட் வேண்டும்; 7 பாராக்கினால் 700 வாட். பம்பின் இழப்புகள் தனி. அந்தக் கூடுதல் சக்தி எங்கிருந்து வரும்? அதே கிராங்க் மூக்கிலிருந்து, அதே உள் கியரின் பற்கள் வழியாக. உடையக்கூடிய கியரின் மேல் சுமை ஏற்றுகிறோம். ஃபேக்டரி கியரை வைத்துக்கொண்டு ஷிம் மட்டும் வைப்பது இருப்பதிலேயே மோசமான 'அப்கிரேட்'. ஐடிலில் அழுத்தம் குறைவு என்ற புகாருக்கும் ஷிம் மருந்தல்ல. ஐடிலில் அந்த வால்வு திறப்பதே இல்லை.

## சார்ஜர் வகையும் பம்ப் தேவையும்

ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ என்றால் கீழ் ஆர்பிஎம்மில் சுமை. அங்கே கவனிக்க வேண்டியது சூடான ஐடில் அழுத்தம், சரியான தடிமனுள்ள ஆயில், பம்பின் உள் இடைவெளிகள். விசிறிபோல் சுழன்று காற்றைத் தள்ளும் சென்ட்ரிஃப்யூகல் என்றால் பூஸ்ட் ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும். சக்தியெல்லாம் மேலே இருப்பதால் ஓட்டுபவர் வண்டியை ரெட்லைன், அதாவது ஆர்பிஎம்மின் உச்ச வரம்பு, பக்கமே வைத்திருப்பார். கியர் உடைவதற்கான சூழல் இதுதான். பில்லெட் கியர் யாருக்கு அவசரம் என்று கேட்டால், சென்ட்ரிஃப்யூகல் போட்டு ரெட்லைனையும் உயர்த்தியவருக்கு.

எல்லா இன்ஜினுக்கும் ஒரே வைத்தியம் இல்லை என்பதற்கு ஹோண்டா அக்கார்டின் 2.4 லிட்டர் கே24 நல்ல சான்று. அதில் பம்ப் கிராங்க் மூக்கில் இல்லை. பேலன்ஸ் ஷாஃப்ட் அமைப்போடு சேர்ந்து, செயினில் ஓடுகிறது. கிராங்கைவிட இரு மடங்கு வேகத்தில் சுற்றும் அந்த ஷாஃப்ட்டுகள் அதிக ஆர்பிஎம்மில் ஆயிலை மோர் கடைவதுபோல் கடைந்துவிடும். அங்கே கியரை வலுப்படுத்துவது பயனில்லை. பேலன்ஸ் ஷாஃப்ட் இல்லாத கே20 டைப் எஸ் பம்பை வாங்கிப் போடுகிறார்கள். வண்டி கொஞ்சம் நடுங்கும், ஆயில் சுத்தமாக வரும்.

அப்புறம், சமீபத்திய இன்ஜின்கள் பலவற்றில் பம்பின் அழுத்தத்தையே ஈசியூ கட்டுப்படுத்துகிறது. எரிபொருள் மிச்சத்துக்காக சாதாரண ஓட்டத்தில் அழுத்தத்தைக் குறைத்து வைக்கும். அவற்றில் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ட்யூனரிடம் பேசுவது நல்லது. பூஸ்ட் ஏறும்போது அதிக அழுத்த நிலைக்கு மாறும்படி மேப்பில் செய்ய முடிந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

## சரி, எதை மாற்றுவது, எதை விடுவது?

பூஸ்ட் 0.3 முதல் 0.4 பார், ரெட்லைன் ஃபேக்டரி அளவிலேயே, டாம்பர் அப்படியே இருக்கிறது, அந்த இன்ஜினின் பம்புக்குக் கெட்ட பெயரும் இல்லை. இப்படியென்றால் பழைய பம்பே போதும், அளந்து பார்த்துச் சரியாக இருந்தால். பூஸ்ட் அரை பாரைத் தாண்டுகிறது, அல்லது ரெட்லைன் ஏறுகிறது, அல்லது பந்தயத் தடத்தில் ஓட்டும் உத்தேசம் இருக்கிறது, பம்பும் கிராங்க் மூக்கில் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. இப்படியென்றால் பில்லெட் கியர் போடுவதே புத்திசாலித்தனம். நடுவில் இருப்பவர்கள் கூலியைப் பார்த்து முடிவெடுக்கலாம். பம்பை எடுக்க புல்லி, டைமிங் கவர், பல இன்ஜின்களில் சேம்பரும் இறங்க வேண்டும். டைமிங் பெல்ட்டுக்காக எப்படியும் பிரிக்கிறார்கள் என்றால் அப்போதே மாற்றிவிடுங்கள். ஒரே கூலியை இரண்டு முறை கொடுப்பதுதான் வீண்.

வாங்குமிடம் பற்றி ஒரு வார்த்தை. புதுப்பேட்டையில் பழைய பம்ப் கிடைக்கும்; அதன் உடலும் மூடித்தட்டும் உதவும், கியரை நம்ப முடியாது, தூள் உலோகத்தின் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அம்பத்தூர் அல்லது கிண்டி எஸ்டேட்டில் நல்ல லேத் பட்டறை தெரிந்தால், 'இஎன் 24 ஸ்டீல்ல வயர்கட் பண்ணித் தந்துடறோம் சார்' என்பார்கள். மெட்டீரியல் சரிதான், வடிவத்தையும் வெட்டிவிடலாம். ஆனால் ஹீட் ட்ரீட்மென்ட்டில் நெளிந்ததைத் திரும்பத் தேய்த்து, பல்முனை இடைவெளியை நூறில் ஒரு பங்கு மி.மீட்டரில் கொண்டுவர வேண்டும். கியரின் பக்கவாட்டு இடைவெளி இரு மடங்கானால் அங்கே உள்ளுக்குள்ளேயே கசிவது எட்டு மடங்கு. பம்ப் முகத்தை லேப் செய்து தட்டையாக்க அந்தப் பட்டறைகளைப் பயன்படுத்துங்கள், அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். கியரை அந்த இன்ஜினுக்கென்றே செய்பவரிடம் வாங்குவது நல்லது.

பம்புக்கு வெளியே இரண்டு விஷயங்கள் பல நேரம் பம்பைவிட முக்கியமாகிவிடும். ஒன்று, நிஜமான ஆயில் பிரஷர் கேஜ், முடிந்தால் டெம்பரேச்சர் கேஜும். இன்னொன்று சேம்பருக்குள் தடுப்புத் தகடு. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி ஸ்ட்ரெய்னரை வெளியே விட்டுவிட்டால், எந்த பில்லெட் கியரும் காற்றைத்தான் பம்ப் செய்யும். ஆயில் கூலர் போட்டால் தெர்மோஸ்டாட் உள்ளதாகப் போடுங்கள். இல்லாவிட்டால் நம் ஊரின் அடைமழை நாட்களில் ஆயில் வேண்டிய சூட்டுக்கு வரவே வராது.

## சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்பாகவே விளக்கியது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பம்ப் கியரை யாரும் கேட்கப்போவதில்லை. சூப்பர்சார்ஜரைக் கேட்பார்கள், விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரரும் கேட்பார். பந்தயத் தடத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் வண்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

## பொருத்தும்போதும் அதன் பிறகும்

1. உள் கியரை கிராங்கில் மாட்டி, அது சிக்காமல் ஏறுகிறதா என்று கையால் பாருங்கள். அடித்து இறக்க வேண்டியிருந்தால் ஏதோ தவறு.
2. பல்முனை இடைவெளி, வெளி கியருக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி, பக்கவாட்டு இடைவெளி மூன்றையும் ஃபீலர் கேஜில் அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். புதுப் பொருள் என்பதற்காக அளக்காமல் விடக் கூடாது.
3. மூடுவதற்கு முன் பற்களின் பள்ளத்தில் வாஸலின் நிரப்புங்கள். காய்ந்த பம்ப் முதலில் காற்றைத்தான் சுற்றும், உறிஞ்சாது. வாஸலின் இடைவெளியை அடைத்து உறிஞ்ச வைக்கும், பிறகு ஆயிலில் கரைந்துவிடும். கிரீஸ் வேண்டாம், அது ஃபில்டரை அடைக்கும்.
4. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் துண்டித்து, கேஜில் அழுத்தம் தெரியும் வரை செல்ஃப் மட்டும் அடியுங்கள், விட்டு விட்டு.
5. சார்ஜர் இன்ஜின் ஆயிலில் ஓடுவதென்றால் அதன் திரும்பு குழாய் சேம்பரில் ஆயில் மட்டத்துக்கு மேலே, மடிப்பில்லாமல் சரிவாக இறங்க வேண்டும். அங்கே ஆயிலை இறக்குவது புவியீர்ப்பு மட்டுமே.
6. சுமார் 500 கி.மீ. ஓடிய பிறகு ஆயிலை மாற்றுங்கள். பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் அறுத்து, காகித மடிப்பை வெள்ளைத் துணியில் விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் காந்தத்தை மேலே நகர்த்துங்கள். ஒட்டினால் அது இரும்பு, முதல் சந்தேகம் பம்ப் கியர் மேல். ஒட்டாமல் அலுமினிய வெள்ளையிலோ செம்பு நிறத்திலோ இருந்தால் அது பேரிங். வண்டியை அதற்கு மேல் ஓட்டாமல் சேம்பரை இறக்க வேண்டியதுதான்.